ஹருகாவாக இருந்த நாட்கள்

செப்டம்பர் 9, 2025 – செவ்வாய்

இன்று முதல் என் பெயர் ஹருகா.

காலையில் கைக்கட்டுத் துணிகளைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது கோச் ரகுபதி கூப்பிட்டுச் சொன்னார். நவம்பர் 15-ஆம் தேதி குத்தும் உதையும் மல்யுத்தமும் கலந்த சண்டையில் வர்ஷா அக்கா கூண்டுக்குள் மோதப் போகும் ஜப்பான்காரியின் பெயர் ஹருகா. அவள் இடது கைக்காரி. எங்கள் ஜிம்மில் இருக்கும் பெண்களில் நான் ஒருத்திதான் இடது கைக்காரி. அதனால் பத்து வாரத்துக்கு நான் அவளைப் போல நிற்க வேண்டும், அவளைப் போல நகர வேண்டும், அவளைப் போல உதைக்க வேண்டும். என்னை அடித்து அடித்து அக்கா அவளை அடிக்கப் பழகுவாள்.

“இந்த சான்ஸ் எல்லாருக்கும் கிடைக்காது, ரக்ஷு” என்றார்.

சான்ஸாம்.

அக்காவுக்கு இது நாலாவது தொழில்முறைச் சண்டை. ஜெயித்தால் மூன்று வருஷ ஒப்பந்தம். அவளுக்கு இருபத்துமூன்று வயது. எனக்குப் பதினேழு. நானும் மூன்று வருஷமாகப் பழகுகிறேன். இதை ஏன் எழுதுகிறேன்? யாரும் கேட்கவில்லை, அதனால்தான்.

தமிழில் எழுதினால் அக்கா படிக்க மாட்டாள். எழுத்துக்கூட்டிப் படிக்க ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும் அவளுக்கு.

செப்டம்பர் 10 – புதன்

ஜிம்முக்குக் கீழே தேநீர்க் கடை வைத்திருக்கும் அஹ்சன் பாய்கூட, “என்ன ஹருகா, தே ஓ கோசோங்கா?” என்று கேட்டார். பாலும் சீனியும் போடாத தேநீர், நான் வழக்கமாகக் குடிப்பது. படிக்கட்டு வழியாக எல்லாம் காதில் விழுகிறதாம்.

செப்டம்பர் 14 – ஞாயிறு

கேலாங் சிவன் கோயிலுக்குப் போனோம். பிரகாரத்தில் அப்பாவோடு முன்பு பஸ் ஓட்டிய ஒருவரைப் பார்த்தோம். அப்பா உடனே கைப்பேசியை எடுத்து அக்காவின் வீடியோவைக் காட்டினார். “மூத்தவ ஃபைட்டர். டிவில வருவா, பாருங்க.” அவர் என்னைப் பார்த்து, “அப்ப சின்னவ?” என்றார். அப்பா கொஞ்சம் யோசித்தார். “சின்னவ… அக்காவுக்கு ஒத்தாசையா இருக்கா.”

பொய் இல்லையே. ஜிம்மில் தரை துடைக்கிறேன், படிவம் நிரப்புகிறேன், துண்டு மடிக்கிறேன். அதற்குச் சம்பளம் வாங்குகிறேன். சாயங்காலம் அடி வாங்குகிறேன்.

அக்கா பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டாள். எல்லோரும் துணிச்சல் என்றார்கள். நான் உயர்நிலை மூன்றோடு பள்ளியை விட்டேன். வகுப்பில் ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே தொண்டை அடைத்துவிடும். ஒரு கட்டத்தில் தினமும் காலையில் வாந்தி. அதற்கு யாரும் பெயர் எதுவும் வைக்கவில்லை. பெரியம்மா மட்டும், “பாவம்” என்றார்.

செப்டம்பர் 30 – செவ்வாய்

ஹருகாவின் பதினொரு சண்டைகளையும் பார்த்துவிட்டேன். சிலவற்றை இருபது முறை. இப்போது அவளை அவள் அம்மாவைவிட எனக்கு நன்றாகத் தெரியும். உதைப்பதற்கு முன் வலது தோளைக் கொஞ்சம் திறப்பாள். பயந்தால் மூக்கைத் தொடுவாள். இடது காலால் கழுத்துக்கு மேலே உதைப்பதுதான் அவள் பெரிய ஆயுதம். மூன்று பேரை அப்படியே சாய்த்திருக்கிறாள்.

“தலைக்குப் போற உதை மட்டும் பாதி வேகம்” என்று கோச் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பாதி வேகத்தில் உதைக்கிறேன். அக்கா கையால் தட்டிவிட்டு உள்ளே வந்து என்னைத் தூக்கிப் போடுகிறாள்.

“சூப்பர்டி! அப்படியே அவ மாதிரியே இருக்க” என்றாள் இன்று. மூன்று வருஷத்தில் அக்கா என்னைப் பாராட்டிய முதல் தடவை. அதுவும் இன்னொருத்தி மாதிரி இருப்பதற்காக.

ஹருகாவின் மேலும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவளை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

அக்டோபர் 7 – செவ்வாய்

அக்கா என்னை மூன்று முறை கீழே வீழ்த்தினாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அக்டோபர் 20 – திங்கள், தீபாவளி

இந்த வருஷம் வீட்டில் முறுக்கு இல்லை. அதிரசம் இல்லை. ஆட்டுக்கறி இல்லை. அக்கா ஐம்பத்திரண்டு கிலோவுக்கு இறங்க வேண்டும். அவள் முன்னால் வைத்துக்கொண்டு மற்றவர்கள் சாப்பிடுவது பாவம் என்று அம்மா முடிவு செய்துவிட்டார். அவித்த கோழி, புரோக்கோலி, உப்பில்லாத முட்டை.

“ஒரு வருஷம்தானேம்மா” என்றார் அம்மா, என் முகத்தைப் பார்த்து.

நான் கேட்கவே இல்லையே. முகம் கேட்டிருக்கும் போல.

மதியம் தேக்கா கடைத்தெருப் பக்கம் தனியாகப் போனேன். சிராங்கூன் ரோட்டில் நிற்க இடமில்லை. ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கி, பூட்டிக் கிடந்த ஜிம் படிக்கட்டில் உட்கார்ந்து முழுவதையும் தின்றேன். ருசியே இல்லை. ஆனால் ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

அக்டோபர் 23 – வியாழன்

தமிழ்ச் செய்திக்காக அக்காவைப் பேட்டி எடுக்க வந்தார்கள்.

அக்காவுக்குத் தமிழ் சரளமாக வராது. கேள்விகளை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். பதில்களை நான்தான் எழுதினேன், அவள் படிக்கிற மாதிரி ஆங்கில எழுத்தில். ‘விழுவது தோல்வி இல்லை, எழாமல் இருப்பதுதான்’ என்று நல்லதாக ஒரு வரி. பயிற்சி பற்றிய பதிலின் கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தேன்: ‘என் தங்கை ரக்ஷனாதான் தினமும் என்னோடு மோதிப் பழகுகிறாள்.’

அதை எழுதவே எனக்கு வெட்கமாக இருந்தது. அழித்தேன். மறுபடி எழுதினேன்.

கேமராவுக்குப் பின்னால் நின்று உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னாள். அந்த ஒரு வரிக்கு வந்ததும் நின்றாள். சிரித்தாள். “அவ்ளோதான் லா” என்றாள்.

பிறகு கேட்டேன். “மறந்துட்டேன்டி. லாஸ்ட்ல என்னமோ எழுதியிருந்தியே, ரொம்ப லாங்கா இருந்துச்சு.”

ஏழு சொல். அவ்வளவுதான் இருந்தது.

அக்டோபர் 26 – ஞாயிறு

எழுத்து கோணலாகப் போகிறது. இருந்தாலும் எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஜிம் கிடையாது. தரை துடைப்பவள் என்பதால் சாவி என்னிடம் இருக்கும். காலையிலேயே அக்கா எழுப்பினாள். “வாடி, மூணு ரவுண்டு. கோச்சுக்குத் தெரிய வேணாம்.”

சண்டைக்கு மூன்று வாரம் இருக்கும்போது முழு வேகத்தில் மோதக் கூடாது என்பது கோச்சின் சட்டம். அதைச் சொன்னேன்.

“அந்த ஜப்பான்காரி பாதி வேகத்துலயா உதைப்பா? நிஜமா உதை. உன்னால முடிஞ்சா” என்றாள். அந்தக் கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது சிரித்தாள்.

முதல் இரண்டு ரவுண்டும் ஹருகாவாகவே இருந்தேன். மூன்றாவதில் – எப்படி எழுதுவது – அவளை விட்டுவிட்டேன். தோளைத் திறக்கவில்லை. தொடைக்கு ஒன்று, தொடைக்கு இன்னொன்று. அக்காவின் கை கீழே போக ஆரம்பித்தது. மூன்றாவதும் தொடைக்குத்தான் என்று நினைத்துவிட்டாள். ஹருகா இப்படிச் செய்வதே இல்லை. ஒரு சண்டையில்கூட இல்லை. அது என்னுடையது.

தாடைக்கும் காதுக்கும் நடுவில் பட்டது. அக்கா கையை ஊன்றக்கூட இல்லை, பக்கவாட்டில் அப்படியே விழுந்தாள். தலை விரிப்பில் இன்னொரு முறை மோதியது.

நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று… எட்டு வரை. எங்கள் விளையாட்டில் எண்ணும் வழக்கமே கிடையாது. எட்டு எண்ணிய பிறகுதான் பக்கத்தில் போய் மண்டியிட்டேன்.

கண் திறந்து, “ரவுண்டு முடிஞ்சிருச்சா?” என்றாள். முடிந்தது என்றேன். ஒரு நிமிஷம் கழித்து, “ரவுண்டு முடிஞ்சிருச்சா?” மறுபடியும். அப்புறம் கழிவறையில் வாந்தி எடுத்தாள். நான்தான் கழுவினேன்.

“யார்கிட்டயும் சொல்லாத. ஒன்னும் இல்ல, வெயிட் குறைக்கிறதுனால மயக்கம். சொன்னா ஃபைட் போயிடும், காண்ட்ராக்ட் போயிடும். சத்தியம் பண்ணு.”

பண்ணினேன்.

ஒரு தடவைதான் எழுதுவேன், இனி எழுத மாட்டேன்: பயம் எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது.

அக்டோபர் 27 – திங்கள்

யாராவது பார்த்திருக்கலாமே என்று இருக்கிறது.

அக்டோபர் 28 – செவ்வாய்

போட்டி நடத்துபவர்கள் மருத்துவப் படிவம் அனுப்பியிருக்கிறார்கள். வழக்கம்போல நான் நிரப்பினேன். திரையைப் பார்த்தால் கண் வலிக்கிறது என்று அக்கா படுத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

ஒன்பதாவது கேள்வி: கடந்த தொண்ணூறு நாளில் தலையில் அடிபட்டு நினைவு தப்பியதா?

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு ‘இல்லை’ என்ற கட்டத்தில் நான் குறி போட்டேன்.

அவள் பொய்யை நான் எழுதினேன். நான் செய்ததை நானே அழித்தேன். இரண்டும் ஒரே குறியில்.

அக்டோபர் 31 – வெள்ளி

மதியம் அக்கா கூப்பிட்டாள். எல்ஆர்டி ரயிலில் இருந்தாள். “ரக்ஷு… நம்ம ஸ்டேஷன் பேரு என்ன?”

கிண்டல் என்று நினைத்தேன். “என்னக்கா, விளையாடுறியா?”

“சொல்லுடி. நான் ரெண்டு ரவுண்டு சுத்திட்டேன்.”

செங்காங் எல்ஆர்டி வட்டமாக ஓடும். இறங்காவிட்டால் திரும்பத் திரும்ப அதே நிலையங்கள்தான். பதினெட்டு வருஷமாக இங்கே குடியிருக்கிறோம். ரும்பியா என்றேன். “ஆ, ரும்பியா, ரும்பியா” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கீழே ஓடிப் போய் நிலையத்தில் நின்றேன். கதவு திறந்ததும் வெளிச்சம் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

தலைவலி ஆறு நாளாக இருக்கிறது. அம்மாவிடம் மாதவிலக்கு என்று சொல்லியிருக்கிறாள். கோச்சிடம் எடை என்று சொல்லியிருக்கிறாள்.

இந்தத் தலையோடு அவள் கூண்டுக்குள் போய் இன்னொரு அடி வாங்கினால்?

சொன்னால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். பொறாமையில் சொல்கிறாள் என்பார்கள். பொறாமை இல்லை என்று என்னால் சொல்ல முடியுமா? ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தினமும் இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று துடிக்கிறேனே – அவளைக் காப்பாற்றவா? இல்லை, நான் அவளை வீழ்த்தினேன் என்று சொல்லவா? இரண்டுக்கும் ஒரே வாக்கியம்தான் இருக்கிறது. பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

நவம்பர் 1 – சனி

சொல்லிவிட்டேன்.

காலை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு கோச் முன்னால் போய் நின்றேன். தொண்டை அடைத்தது. வழக்கமான அடைப்பு. “என்னம்மா, சம்பளமா?” என்றார்.

“அக்காவுக்கு அடிபட்டிருக்கு. தலையில. நான்தான்… உதைச்சேன். மயங்கிட்டா.”

கோச் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. நிஜமாகவே வேடிக்கை என்று நினைத்துவிட்டார். “நீயா? வர்ஷாவையா?”

“ஞாயித்துக்கிழமை.”

சிரிப்பு போனது. ஆனால் நம்பிக்கை வரவில்லை. குரலைத் தணித்துக்கொண்டார். “பாரு ரக்ஷு, கூடப் பொறந்தவங்களுக்குள்ள மனசுல ஒன்னு இருக்கும், எனக்குப் புரியுது. அதுக்காக ரெண்டு வாரம் இருக்கும்போது இப்படியெல்லாம் பேசக் கூடாது. அவ வாழ்க்கைம்மா இது.”

அழுகை வந்தது. என்ன சொன்னாலும் வாயிலிருந்து இரண்டு வார்த்தைக்கு மேல் வராது. உதைக்குப் பிடிக்கும் பெரிய பஞ்சுத் தடுப்புகள் இரண்டும் சுவரோரம் கிடந்தன. எடுத்து அவர் கையில் திணித்தேன்.

“ஹருகா மாதிரியா?” என்றார், குழந்தைக்கு விட்டுக்கொடுக்கிற குரலில்.

“இல்ல. நான்.”

தொடைக்கு ஒன்று. தொடைக்கு ஒன்று. அவருடைய தடுப்பு கீழே இறங்கியது – இருபது வருஷம் இதிலேயே இருப்பவர், அவருக்கும் இறங்கியது. மூன்றாவது உதை அவர் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நான்தான் நிறுத்தினேன். அவர் முடி அசைந்ததைப் பார்த்தேன்.

கீழே அஹ்சன் பாய் கரண்டியால் டம்ளரைத் தட்டும் சத்தம் மட்டும்.

“இது தலைல பட்டுச்சா?”

“ஆமா, கோச்.”

“முழு வேகமா?”

“ஆமா.”

“எவ்ளோ நேரம் கிடந்தா?”

“எட்டு.”

அவர் தடுப்புகளைக் கழற்றிக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். மூன்று வருஷத்தில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அக்காவை மட்டும்தான் அப்படிப் பார்ப்பார்கள். அந்த ஒரு கணம் எனக்கு – எழுதுகிறேன், வேறு யாரிடம் சொல்ல – சந்தோஷமாக இருந்தது. அக்கா அங்கே ரும்பியா, ரும்பியா என்று முனகிக்கொண்டு படுத்திருக்கிறாள். எனக்கு இங்கே சந்தோஷம்.

அடுத்த நிமிஷமே கோச் அப்பாவுக்குப் போன் போட்டார்.

நவம்பர் 3 – திங்கள்

தலைக்குள் ரத்தக்கசிவு இல்லை. மூளை அதிர்ந்திருக்கிறது. மூன்று மாதம் யாரும் அவள் தலையைத் தொடவே கூடாது. பிறகு மறுபடி சோதனை. இன்னொரு அடி பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். அதை எழுத மாட்டேன்.

சண்டை ரத்து. ஒப்பந்தம் பற்றி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். பார்க்கலாம் என்றால் என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா கூடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். “உனக்கு இதானே வேணும்? மூணு வருஷமா இதானேடி வேணும்? ஹாப்பியா இப்ப? சத்தியம் பண்ணிட்டுப் போய்ச் சொல்ற. பொறாமை புடிச்ச நாயே!”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்பா மெதுவாக, “ஏம்மா, ஒரு ரெண்டு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா?” என்றார்.

“பொறுத்து? அடிபட்ட புள்ளைய கூண்டுக்குள்ள அனுப்பிட்டு நீங்க வீடியோ எடுக்கவா?” என்று அம்மா சத்தம் போட்டார். அம்மா இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. எனக்காகப் பேசுகிறார் என்று நினைத்த நேரத்தில் என் பக்கம் திரும்பினார். “நீ ஏன்டி அவ்ளோ பலமா அடிச்ச?”

கோச் கேட்கவில்லை. மருத்துவர் கேட்கவில்லை. அக்காகூடக் கேட்கவில்லை. அம்மா மட்டும் கேட்டார்.

நவம்பர் 15 – சனி

ஹருகாவின் சண்டையைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். அக்காவுக்குப் பதிலாக யாரையோ கொண்டு வந்திருந்தார்கள். அக்கா விளக்கை அணைத்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து பார்த்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன்.

இரண்டாவது ரவுண்டில் ஹருகா அந்தப் பெண்ணைக் கீழே சாய்த்துக் கையை மடக்கி ஜெயித்தாள். தலைக்கு ஓர் உதைகூட விடவில்லை. காலை இடுப்புக்கு மேலே தூக்கவே இல்லை.

“பாத்தியா” என்றாள் அக்கா, திரையைப் பார்த்தபடியே. பன்னிரண்டு நாளில் என்னோடு பேசிய முதல் வார்த்தை. “ஒரு தடவைகூட உதைக்கல.”

ஹருகா கையைத் தூக்கிக்கொண்டு அழுதாள். அவள் மேல் எனக்கு இன்னும் பொறாமை. யாரை அடித்தோம் என்று அவளுக்குக் குழப்பமே இல்லை.

டிசம்பர் 2 – செவ்வாய்

என் கட்டிலுக்கும் அவள் கட்டிலுக்கும் நடுவில் அக்கா துணி அலமாரியைத் தள்ளி வைத்திருக்கிறாள். தனியாகவே தள்ளியிருக்கிறாள், பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியும்.

பிப்ரவரி 10, 2026 – செவ்வாய்

சோதனை முடிவு வந்தது. தலைவலி இன்னும் நிற்கவில்லை. ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அக்கா வீட்டுக்கு வந்து, அலமாரியில் மாட்டியிருந்த சண்டை உடுப்புகளை மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். அழவில்லை. அப்பாதான் பஸ் ஓட்டப் போகாமல் விடுப்பு எடுத்துப் படுத்துக்கொண்டார்.

இன்றைக்கென்று பார்த்துக் கோச் என்னைக் கூப்பிட்டார். மார்ச் எட்டாம் தேதி கேலாங் பக்கம் ஒரு சமூக மன்றத்தில் அமெச்சூர் போட்டி. “பதினெட்டு ஆயிடுச்சுல்ல? எறங்குறியா? பேரு என்னன்னு போடட்டும்?”

இன்றைக்கு வேண்டாம், நாளைக்குக் கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நல்ல தங்கை அப்படித்தான் சொல்வாள்.

“ரக்ஷனா வடிவேலு” என்றேன். தொண்டை அடைக்கவில்லை.

மார்ச் 8 – ஞாயிறு

ஜெயித்தேன். மூன்று ரவுண்டு, புள்ளிக் கணக்கில்.

அக்கா வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்திருந்தாள். மூன்றாவது வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில். நடுவர் என் கையைத் தூக்கியபோது அவளைத்தான் தேடினேன். எல்லோரோடும் எழுந்து நின்று சரியாகத்தான் கை தட்டினாள். ஆனால் கண் என் மேல் இல்லை. என் காலுக்குக் கீழே, கூண்டின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அதற்குள் நான் மூன்று வருஷம் குடியிருந்தேன்.

அப்பாவும் அம்மாவும் கோச்சோடு நின்று பேச, நாங்கள் இருவரும் முன்னாலேயே பஸ் ஏறினோம். பக்கத்துப் பக்கத்து இருக்கை.

“எப்படி இருந்துச்சு?” என்றாள்.

“பயமா இருந்துச்சுக்கா.”

“பொய் சொல்லாத.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? வாயத் தொறந்து சொல்லு. செத்துட மாட்டேன்.”

“நல்லா இருந்துச்சு.” குரல் உடைந்தது. “ரொம்ப நல்லா இருந்துச்சு.”

தலையை ஆட்டினாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. பார்க்கக் கூடாது என்று கீழே குனிந்துகொண்டேன். என் கை முட்டிகள் சிவந்து வீங்கியிருந்தன. அவளும் அதைத்தான் பார்க்கிறாள் என்று கொஞ்சம் கழித்துத் தெரிந்தது.

செங்காங் வரும்போது சொன்னாள். “உதைக்கும்போது இடது கையைக் கீழ விடுற. இன்னைக்கு அந்தப் பொண்ணுக்குத் தெரியல. அடுத்து வர்றவ பாத்துருவா.”

நான் கவனிக்கவே இல்லை. மூன்று ரவுண்டும் அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கோபம் வந்தது, இதையும் அவளே முதலில் பார்த்துவிட்டாள் என்று.

“எப்படி வைக்கணும்னு எப்ப காட்டுற?” என்றேன்.

“தலை வலிக்காத அன்னைக்கு.”